புதுப் பாயும் கடைசிக் கேனும்

அந்தப் பால் நிலையத்தில் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது கைக்கோ காலுக்கோ அல்ல, மூக்குக்கு. மேடையில் வந்திறங்கும் ஒவ்வொரு கேனையும் முகர்ந்து பார்த்து "ஏத்து" என்றோ "திருப்பு" என்றோ ஒரே ஒரு சொல் சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மேனேஜர் முதல் பால் கொண்டு வருகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவள் மூக்கக்கா.

முகர்வதிலும் ஒரு முறை இருக்கிறது. மூடியைச் சட்டென்று திறந்து, கவிழ்த்து, முதலில் மூடியின் உட்புறத்தைத்தான் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். பாலிலிருந்து எழும்பின வாசனையெல்லாம் அங்கேதான் கட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பில் மூக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி. மாடு வெங்காயத்தாளை மேய்ந்ததா, கேனைத் துணி சோப்பால் கழுவினார்களா, எல்லாவற்றையும் அந்த ஒரே இழுப்பில் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு மூடியை முகர்ந்துவிட்டு, இந்தப் பால் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது என்றாள். கொண்டுவந்தவர் மூக்கின்மேல் விரலை வைத்தார். முந்தின நாள்தான் அவர் வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அவள் ஏற்றுக்கொண்ட பால் அடுத்து லேபுக்குப் போகும். லேபில் இருக்கும் பெண் அதைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் கலக்கிச் சோதிப்பாள். ஆகவே தப்பித் தவறி ஒரு கெட்ட கேன் நுழைந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் அவள் திருப்பி அனுப்பிய பாலை யாரும் சோதிப்பதில்லை. எதற்குச் சோதிக்க வேண்டும்? மூக்கக்கா திருப்பினால் திருப்பினதுதான்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். கணவர் தையல்காரர், முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தார். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முட்டை நல்லதா, மீன் இன்றைக்குப் பிடித்ததா நேற்றைக்குப் பிடித்ததா, மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகலாமா, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் தீர்ப்புக் கேட்பார்கள். இருபது வருடமாகச் சொந்த மூக்கைத் தொந்தரவு செய்யாமலே குடும்பம் நடத்தியதில், அப்பாவுக்கும் மகளுக்கும் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ளும் ஆணி என்றாகிவிட்டது.

இருபத்திரண்டு வருடம் கேன்மேல் குனிந்த இடுப்பு ஒருநாள் நிமிர மறுத்தது. டாக்டர் மாத்திரையோடு ஒரு படம் போட்ட தாளும் கொடுத்தார். தினமும் காலையில் அரைமணி நேரம், வெறுந்தரையிலும் வேண்டாம், மெத்தையிலும் வேண்டாம், யோகா பாய் விரித்துச் செய்ய வேண்டும். மறுநாளே மகள் ஊதா நிறத்தில் ஒரு பாய் வாங்கிக்கொண்டு வந்தாள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அவளுக்கு நாலு தும்மல். நெடி எட்டியதும் முன்னறையில் தையல் மெஷின் நின்றது. மூக்கக்காவோ பாயை விரித்தாள், தாளில் இருந்தபடி குப்புறப் படுத்தாள், முகத்தைப் பாயிலேயே பதித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிம்மதியாகக் கிடந்தாள்.

"அம்மா, எப்படிம்மா அதுல மூஞ்சிய வச்சுக்கிட்டுப் படுத்திருக்க? டயர் கடைக்குள்ள நிக்கிற மாதிரி நாறுது" என்றாள் மகள்.

"ஒரு நாத்தமும் இல்ல" என்றாள் அவள், தலையைக்கூடத் தூக்காமல். மேடையில் "ஏத்து" என்று சொல்லும் அதே குரல். அந்தக் குரலுக்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

வேறு எந்த வீடாக இருந்தாலும், உனக்கு மூக்கு அடைத்திருக்கிறதா என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பேரும் தங்கள் மூக்கைச் சந்தேகப்பட்டார்கள். கணவர் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தார். மகளோ, கடையில் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். இல்லாத நாற்றத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக மறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனால் இல்லாத நாற்றம் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது. மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, அப்பாவும் மகளும் திருடர்களைப்போல் பாயைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்கள். உறைக்குள் இருந்த துண்டுச் சீட்டில் நல்ல வெயிலில் போட்டால் வெடித்துவிடும், நிழலில் காற்றாடப் போடவும் என்று இருந்தது. போட்டார்கள். தண்ணீரில் வினிகர் கலந்து துடைத்தார்கள். சமையல் சோடாவைத் தூவித் தட்டினார்கள். இப்போது வீட்டில் டயர் கடையோடு ஊறுகாய் ஜாடியும் சேர்ந்துகொண்டது. வேலையிலிருந்து வந்தவள் ஈரப் பாயையும் வெள்ளைப் பொடியையும் பார்த்துவிட்டு, நாறாத பாய்க்கு எதற்கு இத்தனை வைத்தியம், உங்கள் இரண்டு பேருக்கும்தான் வைத்தியம் பார்க்கணும் என்று திட்டித் தீர்த்தாள். அவர்கள் பாயைத் துடைத்துச் சுருட்டி உள்ளே வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் பாயில் படுத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. மாடிக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகாத டீச்சர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மூக்கக்காவின் புகழ் அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. அதனால் அந்தக் கட்டடத்திலேயே சொந்த மூக்கை நம்பும் ஒரே ஆள் அவர்தான்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல ஒயர் ஏதாவது கருகுதா? படிக்கட்டு வரைக்கும் நெடி தாங்கல" என்றார்.

கணவர் டீச்சரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார். டீச்சர் உள்ளே இரண்டு அடி வைத்தார், சுவிட்சுப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மூக்கு இழுத்த வழியே நடந்து பாயின் ஓரத்தில் வந்து நின்றார். இதுதான் என்று கையைக் காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

தூக்கிய கால் அப்படியே நின்றது. பொய்யாகக் கண்ணீர் விட அந்த அம்மாளுக்கு என்ன தலையெழுத்து? மூக்கக்கா எழுந்து மண்டியிட்டாள். பாயின் ஓரத்தைச் சுருட்டி மூக்கில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாவது இழுப்பும் இழுத்தாள். லேசாக இருக்கிறது, மங்கலாக இருக்கிறது என்றால்கூடப் பரவாயில்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை.

எழுந்து சமையலறைக்கு ஓடினாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டாள். ஒரு பூண்டை நசுக்கி மூக்கில் தேய்த்தாள். வினிகர் பாட்டிலை முகர்ந்தாள், கண் எரிந்ததே தவிர வாசனை இல்லை. தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்தாள். கடைசியில் கொடியில் கிடந்த கணவரின் அழுக்குச் சட்டையை இழுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் குறைசொல்லி வந்த சட்டை வாசனை. அது வெறும் துணியாக இருந்தது. சட்டையைப் பிடித்தபடியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். தன் சித்தப்பாவுக்கும் சளிக்குப் பிறகு இப்படித்தான் ஆனது, பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது என்றார். சளி என்றதும் அவளுக்கு உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நாலு நாள் சளி. அது போன பிறகுதான் டீ மண்ணாக இருந்தது. டீத்தூளில் கலப்படம் என்று நாலு பேர் முன்னால் கடைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கடையையே மாற்றினாள். அதற்குப் பிறகுதான் எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கிறது என்று சமையலில் உப்பை அள்ளிப் போட்டாள். அந்த மூன்று வாரமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேரும் உப்புக் கரிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு முடிந்ததும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்கள்.

அவளுக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினாள்.

"நீதான் நாறலன்னு சொன்னியே" என்றார் கணவர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதற்குமேல் ஒரு காரணம் வேண்டுமா என்று உண்மையிலேயே தெரியாமல்தான் நின்றார்.

அப்போதுதான் மேடை ஞாபகம் வந்தது.

மூன்று வாரம். ஒரு நாளைக்கு இருநூறு மூடிகள். ஒவ்வொன்றையும் கவிழ்த்து முகர்ந்து, கம்பீரமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். ஏற்றதைப் பற்றிப் பயம் இல்லை, லேப் இருக்கிறது. திருப்பினது எத்தனை? விரல் விட்டு எண்ணினாள். மூன்று கேன். மூன்றும் ஒரே ஆளுடையது.

அவரை மேடையில் கடைசிக் கேன் என்பார்கள். இரண்டே மாடு, ஒரே கேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு தினமும் கடைசி ஆளாக வருவார். கேனில் ஒரு பக்கம் ஒடுக்கு விழுந்திருக்கும். சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கேட்டால் மட்டும் பதில் சொல்வார். அந்த மூன்று முறையும் அவள் மூடியைக் கவிழ்த்தாள், புளித்த வாடை குப்பென்று அடித்தது, "திருப்பு" என்றாள். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

வாடை அடித்தது. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்தைச் சுளித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. செத்துப்போன மூக்குக்கு அந்த வாடை எங்கிருந்து வந்தது?

யோசிக்க யோசிக்கத்தான் அவளுக்குப் புலப்பட்டது. மூடியிலிருந்து வரவில்லை. அந்த ஒடுக்கு விழுந்த கேனிலிருந்து வந்திருக்கிறது, பொத்தான் இல்லாத சட்டையிலிருந்து வந்திருக்கிறது, நிமிராத அந்தத் தலையிலிருந்து வந்திருக்கிறது. நேரத்துக்கு வந்து, வெளுத்த சட்டையோடு சிரித்துப் பேசுகிறவர்களின் பால் ஒன்றுகூட அந்த மூன்று வாரத்தில் அவளுக்கு நாறவில்லை. கண் பார்த்ததை மூக்கு முகர்ந்ததாக நினைத்திருக்கிறாள். சரி, இந்த மூன்று வாரம் மட்டும்தானா? அதற்கு முந்தின இருபத்திரண்டு வருடம்? அந்தக் கேள்வியின் பக்கம் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், பெண்டாட்டிக்கு ஒன்று என்றால் மூளை வேகமாக வேலை செய்யும். யாரிடமும் மூச்சு விடாதே என்றார். நாளைக்குப் போ, வழக்கம்போல மூடியைத் திற, எல்லாவற்றையும் ஏற்றிவிடு. கெட்டது இருந்தால் லேப் பிடிக்கும். மூக்கு திரும்பி வரும்வரைக்கும் ஓட்டிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மூக்கு போன ஆளை மேடையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், கேன் கழுவும் தொட்டிக்குத்தான் அனுப்புவார்கள். அந்த இடுப்போடு அவள் நாள் முழுக்கக் குனிந்து எப்படிக் கேன் தேய்ப்பாள்? அதுவும் அவள் அதட்டிப் பழகின ஆட்களுக்கு நடுவில்? அவர் சொன்னதில் எதிலும் ஓட்டை இல்லை. அவளும் சரி என்றாள்.

திங்கட்கிழமை மேடையில் நின்றாள். மூடியைத் திறந்தாள், கவிழ்த்தாள், மூச்சை இழுத்தாள். "ஏத்து." அடுத்தது. "ஏத்து." வெறும் காற்றை முகர்ந்து முகர்ந்து தலை சுற்றியது. நூற்றைம்பது கேன் தாண்டியதும் லேப் பெண் எட்டிப் பார்த்து, என்னக்கா இப்பல்லாம் யாருக்குமே திருப்பறதில்ல, நல்ல மூடா என்று சிரித்தாள். மேனேஜரும் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். திருடி மாட்டிக்கொண்டவள்கூட இவ்வளவு சிரமப்பட்டுச் சிரித்திருக்க மாட்டாள்.

எல்லாரும் போன பிறகு சைக்கிள் வந்தது. வழக்கமாகக் கடைசிக் கேன் இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேனைத் தூக்கி வைப்பார். அன்றைக்கு ஒரே கையால் சுலபமாகத் தூக்கி வைத்தார். அவள் அதைக் கவனித்தாள், ஆனால் எதுவும் தோன்றவில்லை. வேறொன்றுதான் அவள் கண்ணில் குத்தியது. வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அவள் இன்னும் மூடியைத் தொடக்கூட இல்லை. அதற்குள் அவர் உடம்பைச் சைக்கிள் பக்கம் பாதி திருப்பிக்கொண்டு, கேனின் பிடியைப் பிடித்தபடி, திருப்பி எடுத்துப் போகத் தயாராக நின்றார்.

"ஏத்து" என்றால் போதும். மூன்றே எழுத்து. வேலை பிழைக்கும், இடுப்பு பிழைக்கும். அந்தக் கை அந்தப் பிடியில் இருக்கும்வரை அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"எனக்கு மூக்கு போயிடுச்சு" என்றாள். மேனேஜருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னாள். "மூணு வாரமா எனக்கு எந்த வாசனையும் தெரியல. உங்க பாலை மூணு தடவை திருப்பினேனே, அது மோந்து பார்த்துத் திருப்பினது இல்ல. உங்க மூஞ்சியப் பார்த்துத் திருப்பியிருக்கேன். தப்பு என்னோடது."

லேப் பெண்ணின் கையில் இருந்த குழாய் அப்படியே நின்றது. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்டார், இன்றைக்கு ஏற்றினதெல்லாம் என்ன என்று கேட்டார், லேபில் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொன்னார். அவள் எதிரே இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவர் திட்டவில்லை. தரையைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினார்.

"எனக்கும் ஒண்ணும் நாறலக்கா. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சிக் கொடுத்தேன், நல்லாத்தான் இருக்குன்னு குடிச்சாங்க. ஆனா நீங்க சொல்றீங்களே. கேனை மூணு தண்ணி விட்டுத் தேய்ச்சேன். தீவனத்தை மாத்திப் பார்த்தேன். மூணாவது தடவையும் திருப்பினதும், செவலை மாட்டுக்குத்தான் உள்ள ஏதோ சீக்குன்னு முடிவு பண்ணி வியாழக்கிழமை கொடுத்துட்டேன்."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"கறிக்கடைக்கு. பால் நாறுற மாட்டை வேற யாருக்கா வாங்குவாங்க?"

வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் வீட்டில் நாறாத பாய்க்கு எதற்கு வைத்தியம் என்று கத்தினாள். பாயை வாங்கி ஒரு வாரம், உறையைப் பிரித்த முதல் நாளே மகள் சொன்னாள். அன்றைக்கே அந்தப் பாயைத் திரும்ப ஒரு தடவை முகர்ந்து பார்த்திருந்தால், மகள் சொன்னதை ஒரே ஒரு தடவை நம்பியிருந்தால், அந்த மாடு இன்றைக்கும் கொட்டிலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். கேன் ஒரே கையில் வந்ததன் அர்த்தம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்த மாட்டுக்கு முன்னால் அந்த வார்த்தை கூசியது.

குனிந்து மூடியைத் திறந்து, கவிழ்த்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"இனிமே நான் சொல்ல மாட்டேன். உங்க பாலு. நீங்களே மோந்து சொல்லுங்க."

அவர் தயங்கினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மூடியை வாங்கினார். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்வதைப் பார்த்தவர்தானே, அதே மாதிரி உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரே இழுப்பு இழுத்தார். பிறகு, அந்த மேடைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, தலையை நிமிர்த்தி அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் முகத்தில் என்ன தெரிகிறது என்று தேடிக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தானே இருக்குக்கா?"